கணனிப் பக்கம்: பெட்டிக்குள் இருக்கும் சின்ன மனிதன்

சென்ற மாதம் தாய் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருடைய மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் கணனித்துறையில் இரண்டாம் வருடம். "இரவிரவா ஸ்கிறீனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறான். கலர் கலரா பெட்டியள் நகருது, கீழ இலக்கங்கள் மாறுது. கேட்டா இதுதான் பாடம் எண்டுறான். படிக்கிறானோ, கேம் விளையாடுறானோ எண்டு எங்களுக்கு விளங்கேல்லை" என்றார். இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இம்மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறோம்.

அம்மா, பெரும்பாலும் உங்கள் மகன் படித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது சிமுலேற்றர். ஒரு பொருளைப் போலவே நடந்து காட்டும் மென்பொருளுக்கு அந்தப் பெயர். விமானிகள் வானத்துக்குப் போகாமலே பறக்கப் பழகுகிறார்கள் அல்லவா, அதே வகைதான். இங்கே பழகுவது கணனியின் உள் இயக்கம். மென்பொருள் எழுதுவது ஒரு பாடம். அந்த மென்பொருளை வாங்கி வேலை செய்கிற புரொசெசரும் நினைவகமும் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது இன்னொரு பாடம். இரண்டாவதைக் கணனிக் கட்டமைப்பு என்கிறார்கள். மாணவர்கள் அதிகம் பயப்படுகிற பாடங்களில் இதுவும் ஒன்று. காரணம், கண்ணால் காண முடியாத ஒன்றைப் பற்றிய பாடம் இது.

மோட்டார் திருத்தும் தொழில் பழகும் பிள்ளை பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்க்கலாம். கணனியைத் திறந்தால் தெரிவது ஒரு கறுப்புச் சதுரமும் காற்றாடியும்தான். அந்தச் சதுரத்துக்குள் கோடிக்கணக்கான ட்ரான்சிஸ்டர்கள். இன்றைய புதிய கைத்தொலைபேசி ஒன்றின் சிப்பிலேயே ஆயிரம் கோடிக்கு மேல் இருக்கின்றன. 3 கிகாஹேட்ஸ் என்று எழுதியிருந்தால் அந்தப் புரொசெசரின் கடிகாரம் ஒரு விநாடிக்கு 300 கோடி தடவை துடிக்கிறது என்று அர்த்தம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் வெளிச்சம்கூட 10 சென்ரிமீற்றர்தான் போகும். இதை எந்தக் கண்ணால் பார்ப்பது? சிமுலேற்றர் அந்த 300 கோடியில் ஒன்றை எடுத்து, "இதோ ஒரு துடிப்பு, ஆறுதலாகப் பார்" என்று நிறுத்தி வைக்கிறது. மாணவர் பொத்தானை அமத்தினால்தான் அடுத்த துடிப்பு வரும். பத்து நிமிடம் யோசித்தாலும் அது காத்திருக்கும்.

இவற்றுள் மிகப் பழையதும் எளியதுமான ஒன்றைப் பெற்றோர்களே வீட்டு மேசையில் செய்து பார்க்கலாம். கணனிகூடத் தேவையில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஸ்ருவர்ட் மட்னிக் என்பவர் 1965 இல் பாடம் நடத்துவதற்காக அமைத்தது இது. பெயர், சின்ன மனிதன் கணனி. பிரித்தானியாவில் ஏ லெவல் கணனிப் பாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றும் இது வருகிறது. ஓ.சி.ஆர். பரீட்சைச் சபையின் பாடத்திட்டத்தில் இருக்கிறது.

ஓர் அறை. அதற்குள் ஒரு சின்ன மனிதன். சுவரில் 00 முதல் 99 வரை இலக்கமிட்ட 100 தபால் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் மூன்று இலக்கம் எழுதிய ஒரு துண்டு. மேசையில் ஒரு கல்குலேற்றர். உள்ளே வரும் துண்டுகளுக்கு ஒரு தட்டு, வெளியே போகும் துண்டுகளுக்கு ஒரு தட்டு. அடுத்து எந்தப் பெட்டிக்குப் போகவேண்டும் என்று காட்டும் ஓர் எண்ணி. இவ்வளவும்தான் கணனி. மனிதனுக்குச் சொந்தப் புத்தி இல்லை. எண்ணி காட்டும் பெட்டிக்குப் போவான், துண்டை வாசிப்பான், எண்ணியை ஒன்று கூட்டுவான், துண்டு சொன்னதைச் செய்வான். பிறகும் அதே.

00 ஆம் பெட்டியில் 901, அடுத்தடுத்த பெட்டிகளில் 399, 901, 199, 902, 000 என்று எழுதி வையுங்கள். 901 என்றால் உள்தட்டில் இருக்கும் இலக்கத்தை எடுத்துக் கல்குலேற்றரில் போடு. 3 இல் தொடங்கினால் கல்குலேற்றரில் உள்ளதைப் பின்னால் சொல்லும் பெட்டியில் எழுதி வை. ஆகவே 399 என்றால் 99 ஆம் பெட்டியில் எழுது. 1 இல் தொடங்கினால் அந்தப் பெட்டியில் இருப்பதைக் கூட்டு. 902 என்றால் விடையை வெளித்தட்டில் வை. 000 என்றால் நிறுத்து. இப்போது உள்தட்டில் 25, 17 என்று இரண்டு துண்டுகளை வைத்து, வீட்டில் ஒரு பிள்ளையைச் சின்ன மனிதனாக்கி நடக்க விடுங்கள். 25 கல்குலேற்றருக்கு வரும், 99 ஆம் பெட்டிக்குப் போகும். 17 வரும், கூட்டப்படும். 42 வெளித்தட்டில் விழும்.

இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். ஒரு சிறு மாற்றம் செய்து பாருங்கள். 399 ஐ 304 ஆகவும், 199 ஐ 104 ஆகவும் மாற்றுங்கள். 99 க்குப் பதிலாக 04 ஆம் பெட்டியில் எழுதச் சொல்கிறோம். 04 ஆம் பெட்டியில் என்ன இருந்தது? 902, அதாவது விடையை வெளியே வை என்ற கட்டளை. அதன் மேல் 25 எழுதப்பட்டுவிடும். மனிதன் கூட்டிமுடித்து அந்தப் பெட்டிக்கு வரும்போது கட்டளையைக் காணோம், யாரோ வைத்த இலக்கம்தான் இருக்கிறது. விடை வெளியே வராது. ஏன் இது நடந்தது? கட்டளைகளும் இலக்கங்களும் ஒரே வகைப் பெட்டிகளில், ஒரே வகைத் துண்டுகளில் இருப்பதால். எது கட்டளை, எது கணக்குக்குரிய இலக்கம் என்று பெட்டிக்குத் தெரியாது. உங்கள் மேசையில் இருக்கும் மடிக்கணனியும் இந்த விஷயத்தில் இப்படித்தான். கணனிகளுக்குள் அத்துமீறி நுழைபவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திவரும் வழிகளில் ஒன்றும் இதுவே: இலக்கம் வரவேண்டிய இடத்தால் கட்டளையை உள்ளே அனுப்புவது. விரிவுரையில் ஒரு மணித்தியாலம் கேட்டும் மனதில் ஒட்டாத இந்த விஷயம், ஒரு தடவை தானே பிழைத்துப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும்.

பல்கலைக்கழகத்துக்குப் போனதும் சின்ன மனிதன் போதாது. அங்கே உண்மையான புரொசெசர் ஒன்றின் கட்டளைத் தொகுதியே பாடம். அமெரிக்காவில் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஜோன் ஹெனசியும் பேர்க்லியின் டேவிட் பற்றர்சனும் 1980களில் குறைந்த, எளிய கட்டளைகளைக் கொண்ட புரொசெசர்களுக்கு வழிகாட்டியவர்கள். கணனித்துறையின் நோபல் என்று சொல்லப்படும் டியூரிங் விருது 2017 ஆம் ஆண்டுக்கு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அவர்கள் சேர்ந்து எழுதிய பாடநூல்கள் உலகெங்கும் படிக்கப்படுகின்றன. ஹெனசியின் வழியில் வந்த மிப்ஸ் என்ற புரொசெசர் அந்த எளிமையால் வகுப்பறைகளுக்கு மிகவும் பொருந்திவிட்டது. ஆனால் மிப்ஸ் இயந்திரம் எல்லா வகுப்பிலும் இருக்குமா? இல்லை. 1990 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜேம்ஸ் லாரஸ், வேறு எந்தக் கணனியிலும் மிப்ஸ் கட்டளைகளை ஓட்டிப்பார்க்க ஸ்பிம் என்ற சிமுலேற்றரை எழுதினார். மிப்ஸ் என்பதை ஆங்கிலத்தில் பின்னிருந்து வாசித்தால் ஸ்பிம்! பிறகு மிசூரி மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து மார்ஸ் வந்தது. புரொசெசரின் ஓட்டத்தையே நிறம் நிறமாகக் காட்டும் வின்மிப்ஸ்64 அயர்லாந்தின் டப்ளின் நகரப் பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்டது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து ஆர்ம் புரொசெசருக்காக விஷுவல் என்ற ஒன்றும் வந்தது. அந்தத் தாய் கண்ட கலர்ப் பெட்டிகள் வின்மிப்ஸ் போன்ற ஒன்றாக இருக்கலாம் என்று நினைக்கிறோம்.

அந்த நிறங்கள் எதற்கு? கோவில் அன்னதானத்துக்குச் சோற்றுப் பொதி கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து வைப்பவர் ஒருவர், சோறு போடுபவர் ஒருவர், குழம்பு, மரக்கறி, கடைசியில் மூடி அடுக்குபவர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிமிடம். ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் 100 பொதிக்கு 500 நிமிடம். ஐந்து பேரும் வரிசையாக நின்றால் முதல் பொதிக்கு ஐந்து நிமிடம், அதன் பிறகு நிமிடத்துக்கு ஒன்று. மொத்தம் 104 நிமிடம். புரொசெசரும் இப்படியே ஒவ்வொரு கட்டளையையும் ஐந்து கைகளுக்கு ஊடாக அனுப்புகிறது: கட்டளையை எடுத்தல், வாசித்து விளங்கிக்கொள்ளல், கணக்கைச் செய்தல், நினைவகத்தைத் தொடுதல், விடையை எழுதி வைத்தல். இதைப் பைப்லைன் என்பார்கள். திரையில் ஒவ்வொரு கைக்கும் ஒரு நிறம்.

ஆனால் சோற்றுப் பொதி உவமை இனி நொண்டத் தொடங்கும். பொதிகள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை, கட்டளைகள் எதிர்பார்க்கும். முதற் கட்டளை இரண்டு இலக்கங்களைக் கூட்டுகிறது, அடுத்த கட்டளை அந்த விடையிலிருந்து எதையோ கழிக்கிறது. முன்னது விடையை எழுதி வைக்கும்வரை பின்னது என்ன செய்யும்? காத்து நிற்கும். பாடநூல்களில் வரும் ஐந்து நிலைப் புரொசெசரில் இப்படி இரண்டு துடிப்புகள் வீணாகும். சிமுலேற்றரில் அந்த இடத்தில் நிறப் பெட்டி நகராமல் நிற்பதைக் காணலாம். விடை கணக்கிடப்பட்ட உடனேயே, எழுதி வைக்கும்வரை பாராமல், நேரே பின்னால் நிற்பவரின் கையில் கொடுத்துவிடும் குறுக்குவழியும் உண்டு. மெனுவில் அதை இயக்கிவிட்டு அதே கட்டளைகளை மறுபடி ஓட்டினால் இந்த வீண் துடிப்பு இரண்டும் மறைந்துவிடும். ஆனால் கூட்டலுக்குப் பதிலாக நினைவகத்திலிருந்து இலக்கத்தை எடுத்துவரும் கட்டளை முன்னால் இருந்தால், குறுக்குவழி இருந்தும் ஒரு துடிப்பு நிற்கத்தான் வேண்டும். ஏன் அந்த ஒன்று மட்டும் போகவில்லை என்று ஒரு மாணவர் தானே கேட்டுக் கண்டுபிடித்தால், அவருக்குப் பைப்லைன் விளங்கிவிட்டது.

நினைவகம் பற்றியும் ஒரு பரிசோதனை உண்டு. எமக்கு மிகவும் பிடித்தது. கடைக்குப் போய் உப்பு மட்டும் வாங்கி வந்து, பிறகு சீனிக்கு ஒரு தரம், மாவுக்கு ஒரு தரம் என்று யாரும் அலைவதில்லை. பக்கத்துப் பொருட்களையும் சேர்த்தே கொண்டுவந்து அலுமாரியில் வைக்கிறோம். புரொசெசரும் நினைவகத்திலிருந்து ஒரு இலக்கம் கேட்டால் பக்கத்தில் உள்ளவற்றையும் அள்ளி வந்து, கேஷ் என்ற சிறிய அலுமாரியில் வைத்துக்கொள்கிறது. மார்ஸ் மென்பொருளோடு 16 வரிசை, 16 நிரல் கொண்ட ஓர் அட்டவணையை நிரப்பும் இரண்டு உதாரண நிரல்கள் வருகின்றன. இரண்டும் அதே 256 இலக்கங்களையே எழுதுகின்றன. ஒன்று குறுக்காக, வரிசை வரிசையாகப் போகிறது. மற்றது நெடுக்காக, மேலிருந்து கீழே போகிறது. ஒரு தடவைக்கு நான்கு இலக்கங்களை அள்ளும் எட்டு அடுக்கு அலுமாரியை வைத்து ஓட்டினால், குறுக்காகப் போவது 100 க்கு 75 தடவை தேடியதை அலுமாரியிலேயே காண்கிறது. நெடுக்காகப் போவது ஒரு தடவைகூடக் காண்பதில்லை. பூச்சியம்! வேலை ஒன்றுதான், விடையும் ஒன்றுதான், போகும் வழி மட்டும் வேறு. பிற்காலத்தில் வேலைத்தலத்தில் "இது ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?" என்று யாரும் கேட்கும்போது, இந்தப் பூச்சியத்தைக் கண்டவருக்கு எங்கே தேடவேண்டும் என்று தெரியும்.

"அப்ப உண்மையான சாமானைத் தொடாமல் பொம்மையோட பழகுறதோ?" என்று சிலர் கேட்கலாம். பிரித்தானியாவிலேயே நடந்த ஒரு கதை இதற்குப் பொருந்தும். கேம்பிரிட்ஜில் இருந்த ஏகோர்ன் நிறுவனத்தில் சோபி வில்சன், ஸ்ரீவ் பேர்பர் என்ற இரு பொறியியலாளர்கள் 1983 இல் ஒரு புதிய புரொசெசரைத் திட்டமிடத் தொடங்கினார்கள். கையில் பெரிய வசதி இல்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாவித்த பி.பி.சி. மைக்ரோ கணனியில், பேசிக் மொழியில், அந்தப் புரொசெசர் எப்படி நடக்கவேண்டும் என்பதைச் சிமுலேற்றராக எழுதிப் பார்த்தார்கள். பேர்பர் எழுதிய மாதிரி ஏறத்தாழ 800 வரிகள்தான். 1985 ஏப்ரல் 26 இல் தொழிற்சாலையிலிருந்து முதல் சிப் வந்து சேர்ந்தது, அன்றே வேலை செய்தது. அதுதான் ஆர்ம். இன்று ஏறக்குறைய எல்லாக் கைத்தொலைபேசிக்குள்ளும் இருப்பது அதன் வம்சம். (மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கப் போனபோது மீற்றர் பூச்சியம் காட்டியதாம். பார்த்தால் மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. மற்றக் கம்பிகளால் கசிந்து வந்த மின்சாரத்திலேயே சிப் ஓடிக்கொண்டிருந்தது!) இன்றும் எந்தச் சிப்பும் முதலில் சிமுலேற்றரில் ஓடிக்காட்டிய பிறகுதான் தொழிற்சாலைக்குப் போகிறது. ஆகவே உங்கள் பிள்ளை பழகுவது தொழிலுக்கு வெளியே உள்ள பொம்மை அல்ல.

இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். சிமுலேற்றர், எழுதியவர் எதை உள்ளே வைத்தாரோ அதை மட்டும் காட்டும். உண்மைப் புரொசெசர் சூடாகும், ஒரே நேரத்தில் பல கட்டளைகளை முன்பின்னாக மாற்றிச் செய்யும், நினைவகம் சில வேளை மிகப் பிந்தும். எளிய சிமுலேற்றர்கள் இவற்றை மறைத்துவிடும். மார்ஸில் ஒரு நிரல் எத்தனை கட்டளையில் முடிந்தது என்று அறியலாம். உண்மை இயந்திரத்தில் எத்தனை நேரம் எடுக்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. இதனால்தான் நல்ல ஆசிரியர்கள் கடைசியில் ஒரு சிறிய பலகைக் கணனியையாவது கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. எல்லாச் சிமுலேற்றரிலும் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று "ஓடு", மற்றது "ஓர் அடி". ஓடு என்பதை அமத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். நண்பரிடம் வாங்கிய நிரலும் அப்படியே ஓடும், விடையும் சரியாக வரும், ஒப்படையும் கொடுத்தாகிவிடும். பரீட்சை மண்டபத்தில்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது தெரியும். பெற்றோருக்கு நாம் சொல்வது இது. ஒரு நாள் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். "தம்பி, இப்ப நீ அடுத்த அடியை அமத்தினா எந்தப் பெட்டியில எந்த இலக்கம் மாறும்? முதல்ல சொல்லு, பிறகு அமத்து" என்று கேளுங்கள். இதைக் கேட்க உங்களுக்குக் கணனி தெரியவேண்டியதில்லை, ஆங்கிலமும் தெரியவேண்டியதில்லை. சொன்னதும் நடந்ததும் ஒன்றானால் சரி. வேறானால் அந்த இடத்தில்தான் அன்றையப் பாடம் இருக்கிறது. மகளோ மகனோ உங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்த முயன்றால் இன்னும் நல்லது. தமிழில் சொல்லத் தடுமாறும் இடம் பெரும்பாலும் சொல் இல்லாததால் அல்ல, விஷயம் பிடிபடாததால்தான்.

மொழியைப் பற்றி இன்னொன்று. பதினைந்து பதினாறு வயதில் இங்கு வந்து சேர்ந்த எமது பிள்ளைகளுக்கு விரிவுரையாளரின் வேகமான ஆங்கிலம் கடினம். கை உயர்த்தி மறுபடி கேட்க வெட்கம். சிமுலேற்றருக்கு முன்னால் அந்த வெட்கம் தேவையில்லை. இருபது தடவை அதே அடியைத் திருப்பிக் காட்டச் சொன்னாலும் அது முகம் சுளிக்காது. அங்கே மாறுவது இலக்கங்கள், இலக்கங்களுக்கு உச்சரிப்பு இல்லை. கணக்கில் கெட்டியாக வந்த பிள்ளை ஆங்கிலத்தால் பின்தங்கிப்போய் "இந்தக் கோர்ஸ் எனக்குச் சரிவராது" என்று விட்டுவிட நினைக்கும் கட்டத்தில் இதை ஒரு தரம் முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கணனிப் படிப்பு என்றதும் ஆயிரம் பவுணுக்கு மடிக்கணனி வாங்கிக் கடனாகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தப் பாடத்துக்கு அது தேவையில்லை. ஸ்பிம், மார்ஸ் இரண்டும் இலவசம், பழைய இயந்திரத்திலும் ஓடும். மார்ஸ் ஒரே ஒரு கோப்புதான். அதற்கு முன்னர் ஜாவா என்ற இலவச மென்பொருள் கணனியில் இருக்கவேண்டும், அவ்வளவே. சின்ன மனிதனை இணையத்தில் எந்தக் கணனியிலும் திறக்கலாம், பொது நூலகத்துக் கணனியே போதும். ஆனால் எதை இறக்குவதற்கு முன்னரும் பல்கலைக்கழகப் பாடத்தில் எந்தச் சிமுலேற்றரைப் பாவிக்கிறார்கள் என்று கேட்டறிய வேண்டும். மிப்ஸுக்கு எழுதிய கட்டளை ஆர்ம் சிமுலேற்றரில் ஓடாது. அண்மைக் காலத்தில் பல இடங்களில் மிப்ஸை விட்டு, 2010 இல் பேர்க்லியில் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற தொகுதிக்கு மாறியிருக்கிறார்கள். அதற்கும் மார்ஸ் போலவே ரார்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு.

ஏ லெவல் படிக்கும் வாசகர்களுக்கு ஒரு புதிர். உள்தட்டில் இரண்டு இலக்கங்கள். அவற்றில் பெரியதை மட்டும் சின்ன மனிதன் வெளித்தட்டில் வைக்கவேண்டும். மேலே சொன்ன கட்டளைகளோடு இன்னும் நான்கு பாவிக்கலாம். 2 இல் தொடங்கினால் அந்தப் பெட்டியில் இருப்பதைக் கழி. 5 என்றால் அந்தப் பெட்டியில் இருப்பதைக் கல்குலேற்றரில் போடு. 6 என்றால் அந்தப் பெட்டிக்குத் தாவு. 8 என்றால் கல்குலேற்றரில் இருப்பது பூச்சியமோ அதற்கு மேலோ என்றால் மட்டும் தாவு. கட்டளைகளை 11 பெட்டிகளில் எழுதிவிடலாம். 9 பெட்டிகளிலும் முடியும். அதற்கு, நிறுத்து என்று சொல்லும் அந்த 000 துண்டை வேறொரு வேலைக்கும் பாவிக்க வேண்டியிருக்கும். விடை அடுத்த இதழில்.